முதல் கைத்துப்பாக்கியை வாங்குமுன் சுட்டுப் பார்ப்பது: அமெரிக்கத் தமிழர்களுக்கான கேள்வி பதில்

நண்பரோ மனைவியோ மச்சானோ "எனக்கும் ஒரு பிஸ்டல் வாங்கணும், எது நல்லது?" என்று கேட்டால், பெரும்பாலானோர் தாங்கள் வைத்திருக்கும் மாடலின் பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். அப்படி வாங்கிய துப்பாக்கிகள் பல, ஒரு பெட்டித் தோட்டாகூடத் தீராமல் அலமாரிக்குள் முடங்கிவிடுகின்றன. புதியவரை ரேஞ்சுக்கு (துப்பாக்கி சுடும் பயிற்சிக்கூடம்) அழைத்துப்போய் நாலைந்து துப்பாக்கிகளைச் சுட வைத்து, அவரே தேர்ந்தெடுக்க உதவ நினைப்பவருக்கானது இந்தப் பக்கம்.

யாரை வேண்டுமானாலும் ரேஞ்சுக்கு அழைத்துப் போகலாமா?

கூடாது. நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். எச்-1பி, எச்-4, எஃப்-1, எல்-1, பி-2 என்று குடியேற்றமல்லாத விசாவில் நாட்டுக்குள் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்கிறது கூட்டரசுச் சட்டம். ரேஞ்சில் வாடகைத் துப்பாக்கியைப் பத்து நிமிடம் கையில் வாங்கிச் சுடுவதும் 'வைத்திருப்பது' என்ற கணக்கில்தான் வரும். தண்டனை அதிகபட்சம் 15 ஆண்டுச் சிறை. விசாவின் கதி வேறு.

இதற்குச் சில விலக்குகள் உண்டு. சாதாரண ஆளுக்குப் பயன்படக்கூடியது ஒன்றுதான்: ஏதேனும் ஓர் அமெரிக்க மாநிலம் வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம். அது கையில் இருந்தால் ரேஞ்சில் சுடலாம். உரிமம் வாங்கப் பல மாநிலங்களில் முதலில் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடிக்க வேண்டும். கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கு இந்தத் தடை கிடையாது. கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் உள்ளவர், ரேஞ்சுக்குப் போகுமுன் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுவிடுவது நல்லது.

ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனாரை வார இறுதியில் ரேஞ்சுக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறார்கள். அவர் வந்திருப்பது பி-2 விசாவில். அவருக்கு அனுமதி இல்லை என்று தெரிந்தே துப்பாக்கியை ஒப்படைத்தவர் மீதும் வழக்கு வரலாம். ரேஞ்சின் உறுதிமொழிப் படிவத்தில் இந்தக் கேள்வி இல்லை என்பதால் தடையும் இல்லை என்று ஆகிவிடாது.

மாநிலச் சட்டம் தனி. நியூயார்க்கில் பிஸ்டல் உரிமம் இல்லாதவர் ரேஞ்சில்கூடக் கைத்துப்பாக்கியைத் தொடுவதற்குக் கடும் கட்டுப்பாடு உண்டு. இல்லினாயில் ஃபாய்டு அட்டை (துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருக்க மாநிலம் தரும் அட்டை) என்று ஒன்று இருக்கிறது. கிளம்புமுன் ரேஞ்சுக்குப் போன் செய்து, புதியவரின் வயது, விசா நிலை, எந்த மாநில அடையாள அட்டை என்பதைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.

கடையில் கையில் பிடித்துப் பார்த்தால் போதாதா?

பிடி கைக்கு அடங்குகிறதா, டிரிகருக்கு விரல் எட்டுகிறதா, ஸ்லைடை (பிஸ்டலின் மேல்பக்கத்தில் முன்னும் பின்னும் நகரும் உலோகப் பகுதி) இழுக்க முடிகிறதா என்ற மூன்றும் கடையிலேயே தெரிந்துவிடும். தெரியாதது, சுட்ட பிறகு அது கைக்குள் என்ன செய்கிறது என்பது. கடையில் பஞ்சு மாதிரி இருந்த குட்டித் துப்பாக்கி பத்தாவது தோட்டாவில் உள்ளங்கையைச் சிவக்க வைக்கும். கனமாக இருக்கிறது என்று தள்ளி வைத்ததோ ஐம்பது தோட்டாவுக்குப் பிறகும் சுகமாக இருக்கும். விற்ற துப்பாக்கியைப் பெரும்பாலான கடைகள் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை. எடுத்தாலும் பழைய துப்பாக்கி விலைதான் கிடைக்கும். முந்நூறு, ஐந்நூறு டாலர் பொருளுக்கு நூறு டாலர் சோதனைச் செலவு வீண் இல்லை.

எப்படிப்பட்ட ரேஞ்சைத் தேடுவது? எவ்வளவு ஆகும்?

வாடகைத் துப்பாக்கிகள் நிறைய உள்ள உள்ளரங்க ரேஞ்ச். ஒரு முறை கட்டணம் கட்டிவிட்டால் துப்பாக்கிகளை மாற்றி மாற்றி எடுத்துக்கொள்ள விடும் இடங்கள் நம் வேலைக்கு மிகவும் ஏற்றவை. லேனுக்கு (நின்று சுடும் தடம்) மணிக்கு 20 முதல் 30 டாலர், வாடகை 10 முதல் 20 டாலர், தோட்டா தனி என்பது பல ஊர்களில் காணும் கணக்கு. வாடகைத் துப்பாக்கிக்கு அவர்களிடமே தோட்டா வாங்க வேண்டும் என்பதும் வழக்கமான விதி. வெளிக்கடையைவிட விலை கூடுதலாகத்தான் இருக்கும்.

வார நாள் காலையில் போங்கள். சனிக்கிழமை மாலை பக்கத்து லேனில் யாராவது ரைஃபிளை வெடித்துக்கொண்டிருப்பார்கள். அந்த அதிர்வில் புதியவர் ஒவ்வொரு முறையும் திடுக்கிடுவார், எதையும் கற்க மாட்டார்.

தனியாக வரும் புதியவருக்குப் பல ரேஞ்சுகள் துப்பாக்கி வாடகைக்குத் தருவதில்லை. வாடகைத் துப்பாக்கியால் தற்கொலைகள் நடந்திருப்பதே காரணம். நீங்கள் அழைத்துப் போகவிருப்பவர் சமீப காலமாக மனம் உடைந்திருக்கிறார் என்று தெரிந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். அமெரிக்காவில் 988 என்ற எண்ணுக்கு எந்நேரமும் அழைத்துப் பேசலாம்.

போவதற்கு முன் வீட்டில் என்ன சொல்லிக்கொடுக்க வேண்டும்?

பேச்சு முழுவதையும் வீட்டிலேயே முடித்துவிடுங்கள். ரேஞ்சுக்குள் காதில் இரண்டு அடுக்குப் பாதுகாப்போடு நிற்பவருக்கு நீங்கள் கத்துவதில் பாதிதான் விழும்.

நான்கு விதிகளை அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். எந்தத் துப்பாக்கியும் தோட்டா உள்ளது என்றே கொள்ள வேண்டும். சுட நினைக்காத எதை நோக்கியும் குழல்முனை திரும்பக் கூடாது. சைட் (குறிபார்க்கும் அமைப்பு) இலக்கில் நிற்கும் வரை விரல் டிரிகருக்கு வெளியே, துப்பாக்கிச் சட்டகத்தின் பக்கவாட்டில் நீண்டிருக்க வேண்டும். இலக்கும் அதன் பின்னால் இருப்பதும் இன்னதென்று தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு பிடி, நிற்கும் முறை, சைட் பார்ப்பது. இதற்கு நிஜத் துப்பாக்கி தேவையில்லை. பயிற்சிக்கென்றே நீல நிற வார்ப்புப் பிளாஸ்டிக் துப்பாக்கி கிடைக்கிறது. சைட் படத்தைக் காகிதத்தில் வரைந்து காட்டுங்கள்: பின் சைட்டின் பள்ளத்துக்கு நடுவே முன் சைட், இரண்டின் மேல்விளிம்பும் ஒரே மட்டம், கண்ணின் கூர்மை முன் சைட்டின் மீது. இலக்கு மங்கலாகத் தெரிந்தால் சரியாகப் பார்க்கிறார் என்று பொருள்.

எந்தக் கண் ஆதிக்கக் கண் என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். இரண்டு கைகளையும் நீட்டிக் கட்டைவிரல்களுக்கு நடுவே சிறு முக்கோணம் செய்து, அதன் வழியே சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கண்ணை மூடும்போது கடிகாரம் மறைந்தால், மூடிய கண்தான் ஆதிக்கக் கண். வலக்கைக்காரருக்கு இடக்கண் ஆதிக்கமாக இருப்பது உண்டு. தலையைச் சற்றுத் திருப்பி அந்தக் கண்ணுக்கு நேரே துப்பாக்கியைக் கொண்டுவந்தால் போதும், கையை மாற்ற வேண்டாம்.

என்ன உடுத்திக்கொண்டு வர வேண்டும்?

கழுத்தை ஒட்டிய டி-ஷர்ட், முன்விளிம்பு உள்ள தொப்பி, மூடிய ஷூ. இதில் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. பிஸ்டலிலிருந்து தெறிக்கும் பித்தளைக் கூடு கொதிக்கும் சூட்டில் இருக்கும். தளர்ந்த கழுத்துள்ள சட்டைக்குள்ளோ கண்ணாடிக்கும் புருவத்துக்கும் நடுவிலோ அது விழுந்தால், கையில் துப்பாக்கி இருப்பதையும் மறந்து ஆள் துள்ளுவார். குழல்முனை அப்போது எங்கே திரும்பும் என்று சொல்ல முடியாது. "சூடாக ஏதாவது விழுந்தால் விழட்டும், முதலில் துப்பாக்கியை மேசையில் வை" என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். துப்பட்டா வேண்டாம். நீளமான கூந்தலைக் கட்டிவிடலாம்.

காதுக்கு நுரை அடைப்பானும் அதன் மேல் மூடியும், இரண்டும் வேண்டும். கைத்துப்பாக்கியின் ஓசை 150 டெசிபலைத் தாண்டும். உள்ளரங்கில் சுவரில் பட்டுத் திரும்பி வருவதும் சேர்ந்துகொள்கிறது. நுரையை உருட்டி மெல்லியதாக்கி, காதின் மேல்பகுதியைப் பின்னால் இழுத்தபடி உள்ளே செருகி, விரியும் வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். பாதி வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் அடைப்பானால் பயன் இல்லை. புதியவர் கண்ணை மூடிக்கொண்டு சுடுவதற்குப் பல நேரம் உதையைவிட (சுடும்போது துப்பாக்கி கையைப் பின்னால் தள்ளுவது) ஓசைதான் காரணம்.

எந்தெந்தத் துப்பாக்கிகளை, எந்த வரிசையில்?

முதலில் .22 எல்ஆர் என்னும் சிறு தோட்டாவைச் சுடும் பிஸ்டல். ரூகர் மார்க் 4, டாரஸ் டிஎக்ஸ் 22, ஸ்மித் அண்டு வெசன் எம்&பி 22 காம்பாக்ட் இவற்றில் எது கிடைத்தாலும் சரி. உதை அநேகமாக இல்லை, டிரிகரும் சைட்டும் மட்டுமே கவனத்தில் இருக்கும். இருபது, முப்பது தோட்டா.

அடுத்தது நடுத்தர அல்லது முழு அளவு 9 மி.மீ. பிஸ்டல். கிளாக் 19 எல்லா ரேஞ்சிலும் இருக்கும்: காலி மேகசினோடு (தோட்டாக்களை அடுக்கிச் செருகும் பெட்டி) 670 கிராம், 4 அங்குலக் குழல், 15 தோட்டா. கூடவே வேறு நிறுவனத்தின் அதே அளவுப் பிஸ்டல் ஒன்றையும் எடுங்கள். பிடியின் கோணமும் டிரிகரின் தன்மையும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். புதியவருக்கு அந்த வித்தியாசம் சட்டென்று பிடிபடும், ஏன் என்று சொல்லத்தான் தெரியாது.

மூன்றாவதாகத்தான் சிக் பி365 போன்ற குட்டி 9 மி.மீ. நேரமும் தெம்பும் மிச்சம் இருந்தால் ஒரு ரிவால்வர் (சுழலும் சிலிண்டருக்குள் தோட்டா போடும் கைத்துப்பாக்கி). .357 மேக்னம் ரிவால்வரில் .38 ஸ்பெஷல் தோட்டா போட்டுச் சுடலாம். ஒரு கிலோ எடையுள்ள எஃகுத் துப்பாக்கியில் அது மிருதுவாகவே இருக்கும். தலைகீழாக .357 தோட்டா .38 ரிவால்வருக்குள் போகாது, போகவும் கூடாது.

.44 மேக்னம், டெசர்ட் ஈகிள் பக்கம் போக வேண்டாம். "ஒரு தடவை போட்டுப் பார், சும்மா" என்று சிரித்துக்கொண்டே பெரிய துப்பாக்கியைக் கொடுப்பவர், அந்த ஆளின் அடுத்த ஆறு மாதக் கற்றலைக் கெடுக்கிறார். கண் சிமிட்டும் பழக்கம் ஒரே வெடியில் ஒட்டிக்கொள்ளும். விடுவிக்க நூற்றுக்கணக்கான தோட்டா ஆகும்.

மேசையில் ஒரே நேரத்தில் ஒரே வகைத் தோட்டாதான் இருக்க வேண்டும். .380 ஆட்டோவும் 9 மி.மீ. லூகரும் ஒரே விட்டம், நீளம்தான் வேறு. கலந்துவிட்டால் புதியவருக்கு அடையாளம் தெரியாது. .40 பிஸ்டலுக்குள் 9 மி.மீ. தோட்டா போய்விடுவது இன்னும் மோசம். துப்பாக்கியை மாற்றும்போது பழைய பெட்டியை மூடிப் பைக்குள் வைத்த பிறகே புதியதைத் திறக்க வேண்டும்.

சின்னத் துப்பாக்கிதானே சின்னக் கைக்கு நல்லது? மனைவிக்குக் குட்டி ரிவால்வர் வாங்கலாம் என்று கடைக்காரர் சொல்கிறாரே?

இதைவிடத் தவறான அறிவுரை இந்த வியாபாரத்தில் இல்லை. தோட்டா ஒன்றாக இருக்கும்போது, எடை குறையக் குறைய உதை கூடும். ஸ்மித் அண்டு வெசன் 642 ரிவால்வர் ஏறக்குறைய 410 கிராம். பையில் கிடப்பதே தெரியாது, உண்மைதான். ஆனால் சைட் வெறும் கீறல், டிரிகரை இழுக்க ஏறத்தாழ ஐந்து கிலோ விசை வேண்டும், உதை முழுவதும் கட்டைவிரலின் அடிமூட்டில் இறங்கும். இரண்டு விரல் மட்டுமே பிடிக்கக்கூடிய ரூகர் எல்சிபி (270 கிராம், .380) இன்னொரு உதாரணம். அனுபவசாலிகளின் துப்பாக்கிகள் இவை.

விரல் வலுக் குறைந்தவருக்கும் மூட்டுவலி உள்ளவருக்கும் ஸ்மித் அண்டு வெசன் எம்&பி ஷீல்டு ஈசி மாதிரியானவை பொருந்தும். ஸ்லைடு எளிதாக இழுபடவே வடிவமைத்தது, .380 இலும் 9 மி.மீ. இலும் வருகிறது. ஒரு விஷயத்தை மட்டும் கவனிக்க வேண்டும். அதன் பின்பக்கத்தில் ஒரு பிடிப்பூட்டு இருக்கிறது. உள்ளங்கை அதை முழுமையாக அழுத்தாவிட்டால் சுடாது. தளர்வாகப் பிடிக்கும் புதியவர் "இது ரிப்பேர்" என்பார்.

முதல் தோட்டாவை எப்படிச் சுட வைப்பது?

இலக்குத்தாளை 3 முதல் 5 யார்டுக்குள், அதாவது 9 முதல் 15 அடிக்குள் வையுங்கள். மனித உருவத் தாள் வேண்டாம். கைப்பிடி அளவு வட்டம் ஒன்றோ வெறும் காகிதத் தட்டோ போதும்.

முதலில் காலித் துப்பாக்கியோடு, முனை இலக்குப் பக்கம், ஐந்தாறு முறை டிரிகரை இழுக்கட்டும். .22 இல் இதற்கு டம்மித் தோட்டா (வெடிக்காத போலித் தோட்டா) போட்டுக்கொள்வது நல்லது. சில .22 துப்பாக்கிகளில் வெறும் அறை (தோட்டா உட்காரும் இடம்) மீது ஊசி அடித்தால் விளிம்பு பழுதாகும். பிறகு மேகசினில் ஒரே ஒரு தோட்டா. சுட்டதும் ஸ்லைடு பின்னால் நின்றுவிடும், துப்பாக்கி காலி. அடுத்து மறுபடி ஒன்று. பிறகு இரண்டு. பிறகு ஐந்து. துப்பாக்கி மாறும் ஒவ்வொரு முறையும் இதே ஏணி, மீண்டும் ஒன்றிலிருந்து.

ஒன்றிலிருந்து ஏன்? முதல் உதையில் திடுக்கிட்டுக் கை இறுகும்போது, அதே விரல் டிரிகரை இரண்டாம் முறையும் இழுத்துவிடக்கூடும். அப்போது முனை கூரையையோ தலைக்கு மேலேயோ பார்த்துக்கொண்டிருக்கலாம். உள்ளே இரண்டாவது தோட்டா இல்லையென்றால் ஒன்றும் ஆகாது.

பிடியைப் பொறுத்தவரை, வலக்கை எவ்வளவு மேலே ஏற முடியுமோ அவ்வளவு மேலே, இடக்கை மிச்ச இடத்தை நிரப்பியபடி, இரண்டு கட்டைவிரலும் இடப்பக்கத்தில் முன்னோக்கி. இடக் கட்டைவிரலை வலக்கையின் மணிக்கட்டுக்குப் பின்னால் குறுக்கே போடுபவர்கள் உண்டு. ஸ்லைடு பின்னால் பாயும்போது அந்த விரலைக் கிழித்துவிடும். ரிவால்வரில் இன்னொரு ஆபத்து. சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடுக்கிலிருந்து பக்கவாட்டில் கொதிவாயு பீறிடும். பிஸ்டலுக்குப் பழகிய கட்டைவிரல் முன்னால் நீண்டு அந்த இடத்துக்குப் போனால் தோல் பொசுங்கும். ரிவால்வர் எடுக்கும்போது கட்டைவிரல்களைக் கீழே மடக்கச் சொல்லிவிடுங்கள்.

உதவுபவர் எங்கே நிற்க வேண்டும்?

அவர் வலக்கைக்காரர் என்றால் அவருடைய வலத்தோளுக்குச் சற்றுப் பின்னால், கை நீட்டினால் முழங்கையைத் தொடும் தூரத்தில். இலக்கைப் பார்க்காதீர்கள், அவர் கையைப் பாருங்கள்.

எதிர்பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. முதல் குண்டு நடுவில் பட்டதும் சந்தோஷத்தில் "பார்த்தீங்களா!" என்று உங்கள் பக்கம் திரும்புவார், துப்பாக்கியும் கூடவே திரும்பும். அந்த நொடியில் முழங்கையைப் பிடித்து இலக்கு நோக்கித் தள்ள நீங்கள் தயாராக இருக்க வேண்டும். பேசுவதென்றால் துப்பாக்கியை மேசையில் வைத்த பிறகுதான் என்பதை முதலிலேயே விதியாக்கிவிட்டால் இந்தச் சிக்கல் பாதி குறையும்.

ஸ்லைடை இழுக்கவே முடியவில்லை என்கிறார்.

பெரும்பாலும் வலு இருக்கிறது, முறைதான் இல்லை. கையை நீட்டிய நிலையில் இரண்டு விரல் நுனியால் கிள்ளி இழுத்தால் யாருக்கும் கஷ்டம்தான். துப்பாக்கியை நெஞ்சருகே கொண்டுவந்து, இடது உள்ளங்கையை ஸ்லைடின் மேல் கவிழ்த்து நாலு விரலாலும் பற்ற வேண்டும். பிறகு இடக்கையை இறுக வைத்துக்கொண்டு, வலக்கையால் சட்டகத்தை முன்னால் குத்தித் தள்ள வேண்டும். ஸ்லைடு முழுக்கப் பின்னால் வந்ததும் விட்டுவிட வேண்டும். கையோடு மெதுவாக முன்னால் கொண்டுபோனால் தோட்டா அறைக்குள் சரியாக உட்காராது.

இதைச் செய்யும்போது வலக்கைக்காரர்களின் குழல்முனை தானாக இடப்பக்கம், பக்கத்து லேனை நோக்கித் திரும்பும். அது ஏறக்குறைய எல்லாருக்கும் நடக்கிறது. துப்பாக்கியைத் திருப்பாமல் உடம்பை வலப்பக்கம் கொஞ்சம் திருப்பி நிற்கச் சொன்னால் முனை நேராக நிற்கும். இத்தனைக்குப் பிறகும் இழுபடவில்லை என்றால் அந்த மாடல் அவருக்கு இல்லை. பட்டியலிலிருந்து அடித்துவிட்டு அடுத்ததுக்குப் போகலாம்.

குண்டெல்லாம் கீழேயும் இடப்பக்கமும் போகிறதே?

வலக்கைக்காரர் வெடியை எதிர்பார்த்து, சுடும் கணத்துக்கு முன்பே மணிக்கட்டைக் கீழே அழுத்துகிறார். டிரிகரை விரலால் மட்டும் இழுக்காமல் கை முழுவதையும் பிழிவதும் சேர்ந்துகொள்ளும். சைட்டைத் திருகி இதைச் சரிசெய்ய முடியாது.

அவர் பார்க்காமல் மேகசினில் நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே ஒன்றிரண்டு டம்மித் தோட்டாக்களைக் கலந்து கொடுங்கள். (வாடகைத் துப்பாக்கியில் டம்மி போட ரேஞ்சில் முதலில் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.) டம்மி வரும்போது வெடி இல்லை, உதை இல்லை, ஆனாலும் முனை 'டக்'கென்று கீழே குனிவது அப்பட்டமாகத் தெரியும். அவரே பார்த்துச் சிரித்துவிடுவார். மூன்று நான்கு முறைக்குள் அடங்கத் தொடங்கும். அடங்காவிட்டால் .22 க்குத் திரும்புங்கள். களைப்பின் அறிகுறியாகவும் அது இருக்கலாம்.

நடுவில் சிக்கிக்கொண்டால்?

முனை இலக்குப் பக்கம், விரல் வெளியே, பிறகுதான் எதுவும். புதியவர் துப்பாக்கியைத் தூக்கி முகத்தருகே வைத்துப் பார்ப்பார். அதைத் தடுங்கள்.

'கிளிக்' என்று மட்டும் கேட்டு வெடிக்காவிட்டால், அசையாமல் 30 விநாடி காத்திருக்க வேண்டும். தாமதமாக வெடிப்பது அபூர்வம், ஆனால் உண்டு. பிறகு மேகசினை எடுத்து, ஸ்லைடை இழுத்துத் தோட்டாவை வெளியேற்றலாம்.

'டமார்' என்பதற்குப் பதில் 'புஸ்' என்றோ 'பட்' என்றோ மெலிதாகக் கேட்டு, உதையும் இல்லாவிட்டால் உடனே நிறுத்துங்கள். குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும். ரேஞ்ச் ஆபீசரைக் கூப்பிடுங்கள்.

காலிக்கூடு ஸ்லைடில் நெட்டுக்குத்தாகச் சிக்கி நின்றால் பல நேரம் மணிக்கட்டுத் தளர்ச்சிதான் காரணம். கை பின்னால் போய்விட்டால் ஸ்லைடுக்கு முழு ஓட்டம் கிடைக்காது. எடை குறைந்த துப்பாக்கிகளில் இது அதிகம். கடைசித் தோட்டாவுக்குப் பிறகு ஸ்லைடு நிற்கவில்லை என்றால், கட்டைவிரல் ஸ்லைடு நெம்புகோலின் மேல் அமர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

வாடகைத் துப்பாக்கி அடிக்கடி சிக்கினால் அந்த மாடலே மோசமா?

அதைவைத்து முடிவு கட்ட முடியாது. வாடகைத் துப்பாக்கி ஆயிரக்கணக்கான தோட்டாக்களைப் பார்த்தது. புகைக்கரி ஏறியிருக்கும், ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், டிரிகர் தேய்ந்து புதியதைவிட மிருதுவாகக்கூட இருக்கும். பிடி, டிரிகருக்கு விரல் எட்டுவது, உதை இவற்றுக்கு மட்டும் அதை நம்பலாம். பிடியின் பின்தகடு மாற்றக்கூடிய மாடலா என்றும் கேளுங்கள். வாடகையில் இருப்பதில் நடுத்தரத் தகடு மாட்டியிருப்பார்கள். சின்னத் தகடு போட்டால் அவர் கைக்கு அடங்கிவிடக்கூடும்.

ரெட் டாட் சைட் (கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டிக் குறிபார்க்க வைப்பது) போட்டதைக் கொடுக்கலாமா?

ஒன்று கொடுத்துப் பாருங்கள். வெள்ளெழுத்து வந்த நாற்பது வயதுக்காரருக்கு அது வரம். முன் சைட் மங்கித் தெரியும் தொல்லை போய்விடும். ஆனால் துப்பாக்கியைத் தூக்கியதும் புள்ளி எங்கே என்று தேடிக்கொண்டே நிற்பது புதியவரின் வழக்கம். அது பழகத்தான் தீரும்.

எதையெல்லாம் குறித்துக்கொள்ள வேண்டும்?

போனில் ஒரு குறிப்பு போதும், ஆனால் அங்கேயே எழுத வேண்டும். நான்காவது துப்பாக்கிக்கு வரும்போது முதலாவது மறந்துபோயிருக்கும்.

முக்கியமானது டிரிகருக்கு விரல் எட்டுவது. சரியாகப் பிடித்தபோது குழல், முன்கை எலும்பின் நேர்கோட்டில் இருக்க வேண்டும். விரல்நுனியின் சதை டிரிகரின் நடுவில் விழ வேண்டும். எட்டாமல் கையைப் பிடியைச் சுற்றித் திருகினால், உதை முன்கைக்குப் போகாமல் கட்டைவிரல் மூட்டுக்குப் போகும். அந்தத் துப்பாக்கி எவ்வளவு பிரபலமானாலும் அவருக்கு ஆகாது. அடுத்து, மேகசின் பொத்தானை அவரே அழுத்த முடிகிறதா, கடைசி இரண்டு தோட்டாவை மேகசினுக்குள் திணிக்க முடிகிறதா, ஸ்லைடை நிறுத்தத் தெரிகிறதா. அவர் இடக்கைக்காரர் என்றால் பொத்தானை மறுபக்கம் மாற்ற முடியுமா. வலி எங்கே வருகிறது.

ஒவ்வொரு துப்பாக்கிக்கும் புதுத் தாளில் பத்துத் தோட்டா, ஒரே தூரம். நடுவில் பட்டதா என்று பார்க்காமல், குண்டுகள் எவ்வளவு நெருங்கி விழுந்தன என்று பாருங்கள். கடைசியில், முதலில் சுட்ட 9 மி.மீ. பிஸ்டலை மறுபடி எடுத்து இன்னொரு பத்து. பலரும் விட்டுவிடும் படி இது. ஒரு மணி நேரத்தில் ஆள் தேறிவிடுவதால், கடைசியாகச் சுட்டதுதான் எப்போதும் சிறந்ததாகத் தோன்றும். முதல் துப்பாக்கிக்கு இரண்டாம் வாய்ப்பு கொடுக்காமல் ஒப்பிடுவது அதற்குச் செய்யும் அநியாயம்.

எப்போது நிறுத்துவது?

மொத்தம் நூறு தோட்டா, ஒரு மணி நேரம். அதற்கு மேல் கைத்தசை தளர்ந்து, சுடுவது கெட்டுப்போகும். பெட்டியில் மிச்சம் இருக்கிறதே என்று சுட வேண்டாம். முடிந்தால் கடைசி ஐந்து மறுபடியும் .22 இல் இருக்கட்டும்.

ஈயம் பற்றிப் பயப்பட வேண்டுமா?

கவனம் போதும். குண்டிலும் தோட்டாவின் எரியூட்டியிலும் ஈயம் இருக்கிறது. அது புகையாகவும் தூசியாகவும் படியும். லேனில் சாப்பாடு, தண்ணீர், சூயிங்கம் எதுவும் வேண்டாம். வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் குளிர்ந்த நீரில் கையையும் முகத்தையும் கழுவ வேண்டும். துணிகளைத் தனியாகத் துவைக்கலாம். ஷூவை வாசலிலேயே கழற்றும் நம் பழக்கம் இங்கே நன்றாகவே கைகொடுக்கிறது. கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் உள்ளரங்க ரேஞ்சைத் தவிர்க்க வேண்டும். ஈயம் மட்டுமல்ல, வயிற்றுக் குழந்தையின் காதுக்கு மூடி போட முடியாது.

பிடித்த மாடல் தெரிந்துவிட்டது. நானே வாங்கி அவரிடம் கொடுத்துவிடலாமா?

அவர் பணம் கொடுத்து, நீங்கள் உங்கள் பெயரில் வாங்கினால் அது கூட்டரசுக் குற்றம். கடையில் நிரப்பும் 4473 படிவத்தில் உண்மையான வாங்குபவர் நீங்கள்தானா என்றே ஒரு கேள்வி இருக்கிறது. உண்மையான பரிசாக, உங்கள் பணத்தில், சட்டப்படி வைத்திருக்கத் தகுதி உள்ளவருக்கு வாங்கித் தருவது வேறு. அதற்கும் சில மாநிலங்களில் கடை வழியாகப் பின்னணிச் சோதனை செய்துதான் கைமாற்ற வேண்டும். சுலபமான வழி, அவரே வந்து அவர் பெயரில் வாங்குவது.

உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும், சொந்த மாநிலத்தில்தான் கையில் பெற முடியும். கலிஃபோர்னியாவில் துப்பாக்கிப் பாதுகாப்புச் சான்றிதழும் 10 நாள் காத்திருப்பும் உண்டு. அங்கே கடைகளில் புதிதாக விற்கும் மாடல்களுக்கு அரசு அங்கீகாரப் பட்டியலும் இருப்பதால், ரேஞ்சில் சுட்டுப் பிடித்துப்போனது கடையில் கிடைக்காமலும் போகலாம். முதலிலேயே பட்டியலைப் பார்த்துவிடுங்கள். நியூஜெர்சியில் ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் தனி வாங்கும் அனுமதி வேண்டும். டெக்சஸில் அப்படி எதுவும் இல்லை, பின்னணிச் சோதனை முடிந்தால் அன்றே கைக்கு வரும்.

கடை தரும் பூட்டுக்கு மேலாக, குழந்தை உள்ள வீடு என்றால் சின்னப் பெட்டகம் ஒன்றையும் அதே நாளில் வாங்கிவிடுங்கள். துப்பாக்கி வந்து பெட்டகம் அடுத்த மாதம் என்ற கணக்கு வேண்டாம்.

ரேஞ்சுக்குப் போக எந்தப் பை நல்லது?

எதுவானாலும் சரி, விமானப் பயணத்துக்கு எடுத்துப்போகும் பையாக மட்டும் இருக்கக் கூடாது. ரேஞ்சில் கீழே உருண்ட ஒரு 9 மி.மீ. தோட்டா பையின் ஓரத் தையலுக்குள் புகுந்துகொள்ளும். இங்கே விமான நிலையத்தில் தப்பினாலும், சென்னையிலோ டெல்லியிலோ உள்நாட்டு விமானம் ஏறப் போகும்போது எக்ஸ்-ரேயில் தெரியும். உரிமம் இல்லாமல் ஒற்றைத் தோட்டா வைத்திருந்தாலும் 1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வழக்கு, பாஸ்போர்ட் சிக்கல், ரத்தான விடுமுறை. தெரியாமல் வந்தது என்று நிரூபிக்க நீதிமன்றம் வரை போனவர்கள் இருக்கிறார்கள். ரேஞ்சுக்கென்று தனிப் பை ஒன்று வாங்கி, காருக்குத் திரும்பும் முன் அதைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டுங்கள். ஜீன்ஸ் பாக்கெட்டையும் பாருங்கள்.